949ஆம் ஆண்டுக்கு அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும்

நேற்றிரவுதான் வீடு திரும்பினேன். கால் வலியும் கோபமும் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாள் போனால் பிரியாணி மட்டும்தான் நினைவில் நிற்கும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் போர்க்களங்களையும் நினைவுச் சின்னங்களையும் ஒரே வீச்சில் பார்த்து வருவது என்பது ஓராண்டாக என் நோட்டுப் புத்தகத்தில் கிடந்த திட்டம். இரண்டு நாள், இரண்டு பேர், விடுதி வாடகை உட்பட மூவாயிரம் ரூபாய். உடன் வந்தவர் என் சித்தப்பா. மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

நான் போட்டிருந்த திட்டம் காலவரிசையில் அமைந்தது. முதலில் 949இல் சோழர் தோற்ற தக்கோலம், அடுத்து 1749இன் ஆம்பூர், பிறகு 1751இன் ஆற்காடு, 1781இன் சோளிங்கர், முடிவில் 1806இன் வேலூர்க் கோட்டை. தாளில் பார்க்க மிக அழகாக இருந்தது. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். "இன்னா பாப்பா, தக்கோலத்துலேந்து ஆம்பூருக்குப் போயி, அங்கேந்து ஆற்காட்டுக்குத் திரும்பி, மறுபடியும் சோளிங்கருக்கு ஏறுவியா? சரித்திரம் படிச்சா போதுமா, பஸ் ரூட்டு படிக்க வாணாவா?" என்றார். அதன்பின் அவரே பேனாவை வாங்கி தக்கோலம், சோளிங்கர், மேல்பாடி, ஆற்காடு, வேலூர், ஆம்பூர் என்று கிழக்கிலிருந்து மேற்காக எழுதினார். இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அவருடைய வரிசையையே பின்பற்றுங்கள்.

அரக்கோணம் வரை ரயில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து தக்கோலத்துக்கு டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணம் இல்லை, சித்தப்பாவுக்கு மட்டும்தான் டிக்கெட். இரண்டு நாளில் என் வரவு செலவுக் கணக்கு சிரித்த நேரம் அது ஒன்றுதான்.

தக்கோலத்தில் போர்க்களம் என்று சுட்டிக்காட்ட ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை. சம்பந்தர் பாடிய திருவூறல் கோயில் இருக்கிறது, அமைதியாகவும் அழகாகவும் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். ஆனால் முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் எந்த வயலில், எந்த ஏரிக்கரையில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான் என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. "யானைமேல் துஞ்சின தேவர்" என்று பின்னாளைய கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. கொன்றது யார் என்பதிலும் தரப்புக்கு ஒரு சாட்சி உண்டு. கன்னட நாட்டு ஆதகூர்க் கல், கங்க மன்னன் பூதுகன் அம்பாரியிலேயே அவனைக் குத்தி வீழ்த்தியதாகச் சொல்கிறது. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடோ இராட்டிரகூட மன்னன் கிருஷ்ணனின் அம்பு நெஞ்சைத் துளைத்தது என்கிறது. தம் இளவரசன் ஒரு சிற்றரசன் கையால் இறந்தான் என்று எழுதச் சோழர்களுக்கு மனம் வரவில்லை போலும் என்பது என் ஊகம். அந்த ஒரு தோல்வியால் தொண்டை மண்டலம் கைமாறி, "கச்சியும் தஞ்சையும் கொண்ட" கன்னரதேவன் என்று அந்தக் கிருஷ்ணனின் பெயரில் இங்குள்ள கோயில்களில் கல்வெட்டுகள் எழுந்தன. இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பலகையாவது வைக்கக் கூடாதா? ஊரைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் நடந்த என் கண்ணில் சிமென்ட் விளம்பரங்கள்தான் பட்டன.

அடுத்து வந்தது அந்தப் பேருந்து. அரக்கோணத்திலிருந்து சோளிங்கர் போகும் வண்டியில் ஏறும்போதே கியர் பெட்டியிலிருந்து கரும்பு அரைப்பது போன்ற ஓசை வந்துகொண்டிருந்தது. கடைசி இருக்கைக்கு முந்தைய இருக்கையில் மெத்தை இல்லை, இரும்புச் சட்டம்தான் இருந்தது. அதன்மேல் சித்தப்பா துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டார். சோளிங்கருக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றேவிட்டது. நடத்துநர் இறங்கினார், ஓட்டுநர் இறங்கினார், இருவரும் அடியில் குனிந்து பார்த்தார்கள், பிறகு இருவரும் பீடி பற்ற வைத்தார்கள். அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த வண்டி ஒன்றேகால் மணி நேரம் கழித்து, நிற்கக்கூட இடமில்லாமல் வந்தது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்ட ஒரு பெரியவருக்கு முறைப்பு ஒன்றுதான் பதிலாகக் கிடைத்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று. தூரத்தில் நரசிம்மர் மலை தெரிந்தது. சித்தப்பா மரத்தடியில் நின்று மலையையும் சமவெளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ரெஜிமென்ட்டுப் போர் விருதுப் பட்டியல்ல சோளிங்கர்னு ஒரு பேர் வரும். ட்ரெயினிங்ல மனப்பாடமா ஒப்பிச்சிருக்கேன். இத்தினி வருஷத்துல ஒரு தடவகூட வந்து பாத்தது இல்ல" என்றார். 1781 செப்டம்பர் 27 அன்று ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை, எதிர்பாராத நேரத்தில் ஐதர் அலியை இந்தப் பக்கத்தில் மடக்கியது. பீரங்கிகளை மீட்டு இழுத்துக்கொண்டு போவதற்கு நேரம் வேண்டும் என்பதற்காக ஐதர் தம் குதிரைப் படையை ஆங்கிலேயர் அணிமீது ஏவிவிட்டார். பீரங்கிகள் தப்பின, குதிரைகளும் ஆட்களும் மடிந்தார்கள். "பீரங்கிக்கு வெல அதிகம், ஆளுக்கு வெல கம்மி" என்றார் சித்தப்பா. அந்த நாளில் வென்ற தரப்பிலும் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள்தான். அவர்கள் கும்பெனிக்காக வென்றதை இன்றைய இந்திய ராணுவத்தின் ரெஜிமென்ட் பெருமையாகச் சுமப்பது சரியா என்று கேட்டேன். "சம்பளம் வாங்கினவன் சண்ட போட்டான், பேரு ரெஜிமென்ட்டுக்கு" என்று முடித்துக்கொண்டார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வெயிலில் வாதம் செய்யத் தெம்பில்லை.

அந்தத் தாமதத்துக்கு நான் கொடுத்த விலை மேல்பாடி. தக்கோலத்தில் வென்ற கிருஷ்ணன் பத்தாண்டுக்குப் பிறகு, 959இல், பாசறை அமைத்துத் தங்கிய அதே ஊரில், இராசாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கு அவனுடைய பேரன் இராசராசன் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். தோற்றவர்களின் பேரன், வென்றவன் கூடாரம் அடித்த மண்ணில் எழுப்பிய நினைவுச் சின்னம்; இந்தப் பயணத்திலேயே நான் அதிகம் எதிர்பார்த்தது அதுதான். பொன்னை வழியாகப் போகும் வண்டி போய்விட்டது. இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆற்காட்டில் இறங்கும்போது மணி நாலரை. டெல்லி வாயிலுக்கு ஆட்டோ கேட்டோம். இரண்டு கிலோமீட்டர் தாண்டாத தூரத்துக்கு இருநூறு என்றார் ஓட்டுநர், நூற்றைம்பதுக்கு இறங்கினார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் காத்திருந்ததற்குத் தனியாக நூறு கேட்டார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சொன்னதற்கு, "வெளியூர்க்காரங்க இப்டிதான் பேசுவாங்க" என்றார். சித்தப்பாவின் வட ஆற்காட்டுத் தமிழைக் கேட்டுவிட்டும் அவர் எங்களை வெளியூர் என்றது, அந்த நூறு ரூபாயைவிட அதிகமாக உறுத்தியது. போகும்போது நடந்து போங்கள். கடைத்தெருவில் மக்கன் பேடா வாங்கித் தின்றுகொண்டே போகலாம்.

பாலாற்றங்கரையில் தனியாக நிற்கும் அந்த வாயில், ஆற்காட்டுக் கோட்டை என்று காட்ட மிஞ்சியிருக்கும் சிறு எச்சம். மேலே உள்ள அறையைக் கிளைவின் அறை என்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் ஏற வழியில்லை. 1751இல் இருநூறு ஐரோப்பியர், முந்நூறு சிப்பாய்களோடு இடிமழைக்குள் நடந்து வந்து கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். பிறகு, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் பெரும்படையோடு வந்து ஐம்பது நாள் முற்றுகையிட்டார். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை உடைக்க ஏவியபோது, குண்டு பட்ட யானைகள் திரும்பி, ஏவியவர்களையே மிதித்தன. இந்த முற்றுகையில் உணவு குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்களே சொன்னதாக ஒரு கதையை மெக்காலே பரப்பிவிட்டுப் போனார். எனக்கு இந்தக் கதையைக் கேட்டாலே எரிகிறது. சோறு யாருக்குப் போனது என்பதை நான் நம்புவேன்; அதைச் சிப்பாய்களே விரும்பிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை நம்ப மாட்டேன்.

வேலூரில் அறை தேடுவது தனிப் போர். மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளாலும் வடகிழக்கு மாநிலத்தவராலும் மலிவான விடுதிகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. சாப்பாட்டுக் கடைப் பலகைகள்கூட வங்காள எழுத்தில் இருக்கின்றன. எழுநூறு என்று திட்டமிட்டது, நான்காவது விடுதியில் ஆயிரத்து நூறில் முடிந்தது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கே கோட்டைக்குள் நுழைந்துவிட்டோம். நடைப்பயிற்சிக்காரர்களும் சலகண்டேசுவரர் கோயிலுக்கு வருபவர்களும் தவிரக் கூட்டமில்லை. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன், இதே மதிலுக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முந்தைய ஆண்டு நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் கிராடக், நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். திப்புவின் குடும்பத்தார் இதே கோட்டையில் சிறை இருந்தார்கள். கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் கொல்லப்பட்டார். சிப்பாய்களின் சொந்த அதிகாரிகளில் 14 பேரும், ஆங்கிலேயரின் 69ஆம் ரெஜிமென்ட்டில் 115 பேரும் மாண்டார்கள். மைசூரின் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் பறந்து செய்தி சொல்ல, அங்கிருந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து, கயிற்றைப் பிடித்து மதிலேறி, பிறகு பீரங்கியால் கதவை உடைக்க வைத்தார். முந்தின நாள் மாலை எங்கள் பேருந்து ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்துப் பார்த்தேன், கில்லெஸ்பி பரவாயில்லை.

அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டைக்கு வெளியே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் 69ஆம் ரெஜிமென்ட்காரர்களுக்குச் சின்னம் இருக்கிறது. சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் ஒரு நினைவுத்தூண் எழுப்ப ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆனது. ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று அங்கே மலர்வளையம் வைப்பார்கள்; தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள், நான் கோட்டைவிட்டேன். மற்ற நாளில் தூணைச் சுற்றிலும் ஆட்டோக்களும் ஹாரன்களும்தான்.

அங்கிருந்து லாங் பஜார். மணிக்கூண்டில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. வெங்காய மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே புகுந்து, ஒரு கடைக்காரரின் தார்பாய்க் கயிற்றை ஒதுக்கித்தான் படிக்க முடிந்தது. 1914இல் தொடங்கிய பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. வேலூரைக் கிராமம் என்கிறது கல். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காய்கறிச் சேற்றில் வெறுங்காலோடு ஒரு நிமிடம் நின்றார். பிறகு கைவண்டிக்காரர் வழி கேட்டதும் விலகிக்கொண்டார்.

பாலாற்றங்கரை முத்துமண்டபத்தை விரைவாகப் பார்த்தோம். வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னர் சிறீவிக்கிரம இராசசிங்கனின் கல்லறை அது. நிழலும் அமைதியும் உண்டு. அரை மணி நேரம் போதும்.

ஆம்பூருக்குப் பகல் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் போர்க்களம், பிறகு சாப்பாடு என்பது திட்டம். பேருந்திலிருந்து இறங்கியதும் விறகுப் புகையும் மசாலா மணமும் கலந்து வந்தன, திட்டம் தலைகீழானது. அகன்ற தாமிர அண்டாவின் வாயைத் திறந்ததும் எழுந்த ஆவி, ஒட்டாமல் உதிரும் சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுதில் ஊறிச் சிவந்த ஆட்டுக்கறி, பக்கத்தில் புளிப்பேறிய கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். ஐதராபாத் பிரியாணியின் மணத்துக்கு உருகுபவர்கள் உருகட்டும். வயிற்றில் கனக்காமல், கையில் நெய் வழியாமல் இரண்டாவது தட்டு கேட்க வைப்பது இதுதான். கேட்டோம். சித்தப்பா மூன்றாவதும் கேட்டார். வரவு செலவுக் கணக்கு அங்கே செத்தது.

சாப்பிட்ட பிறகு, மலை தெரியும் இடமாகப் பார்த்து நெடுஞ்சாலை ஓரம் நின்றோம். 1749 ஆகஸ்ட் 3 அன்று, பிரெஞ்சுத் துணையோடு வந்த சந்தா சாகிப்பையும், ஐதராபாத் நிசாம் பதவிக்கு உரிமை கோரிய முசாபர் சங்கையும் எதிர்த்து நின்ற ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன், முதிய வயதில், யானைமேல் இருந்தபடியே குண்டு பட்டு இறந்தது இந்தப் பக்கத்தில்தான். இராசாதித்தனுக்குச் சரியாக எண்ணூறு ஆண்டு கழித்து இன்னொரு யானை, இன்னொரு சாவு. மூத்த மகன் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். திருச்சியில் அவரைச் சூழ்ந்த முற்றுகையைத் தளர்த்தத்தான் கிளைவ் ஆற்காட்டுக்கு வந்தார். நான் காலவரிசையில் போயிருந்தால் இது முதலிலேயே விளங்கியிருக்கும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்போ முதல் நாளே பிரியாணி தின்னுட்டு, ரெண்டாம் நாளு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

மொத்தச் செலவு மூவாயிரத்து அறுநூற்று எண்பது. விட்டுப்போனவை மேல்பாடி, வந்தவாசி, ஆரணி, பிறகு காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். வந்தவாசிப் போர் நடந்தது 1760 ஜனவரி 22 என்பதால் ஜனவரியில் போகலாம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். சித்தப்பா அதன் பக்கத்தில், பென்ஷன் வந்த பிறகு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.