இரண்டு வாசல் வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாத மறைப்பணிக்கு வந்திருந்தோம். இரண்டு சிஸ்டர்மார், ஓர் உபதேசியார், நான். பெப்ரவரி 4 ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் புனித அருளானந்தர் திருநாள். ஜோன் தெ பிரிட்டோ என்ற இயேசு சபைக் குருதான் அவர். லிஸ்பனில் பிறந்த அவரை 1693இல் அதே நாளில்தான் அங்கே தலை வெட்டிக் கொன்றார்கள். முதல் நாளே காரைக்குடியிலிருந்து ஒரு வேனில் வெளிக்கிட்டோம். அங்கே போக முன்னம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட வேணும் என்று கேட்டது நான்தான்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் வார்ப்பதைப் பார்த்தோம். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெந்தும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

பிறகு போன ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அகலமான தெரு, இரண்டு பக்கமும் பூட்டிய பெரிய வீடுகள். நாலு மணி வெயில். வேனைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தோம். அன்று காலை பக்கத்துப் பொட்டலில் மஞ்சுவிரட்டு நடந்திருக்கிறது. அவிழ்த்துவிட்ட ஒரு மாட்டை யாரோ கம்பால் அடித்துவிட்டார்களாம். மாட்டுக்காரன் ஒரு ஊர், அடித்தவன் இன்னொரு ஊர். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. எங்களுக்கு முதலில் தெரிந்தது சத்தம் மட்டும்தான்.

தெருவின் இரண்டு முனையிலிருந்தும் பொடியன்கள் வந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். கல் பறந்தது, ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. உபதேசியார் கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போகப் பார்த்தார், சின்ன சிஸ்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தா. எனக்குக் கால் நகரவில்லை. சண்டைக்குள் வளர்ந்தவள் நான். ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டாலே உடம்புக்குள் ஏதோ பூட்டிக்கொள்ளும்.

"உள்ள வாங்க, நிக்காதீங்க!" ஒரு தேக்குக் கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஆச்சி ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், என் கையைப் பிடித்து இழுத்தார்.

எங்கள் பின்னாலேயே நெற்றி பிளந்த ஒரு பொடியனும் நுழைந்துவிட்டான். பதினெட்டு வயது இருக்குமோ என்னவோ. பெரிய சிஸ்டர் தோள்துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினா. தண்ணீர் எடுக்க ஆச்சியோடு வளவு என்கிற நடுமுற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனேன். அங்கே அடுப்படித் தூணில் சாய்ந்து இன்னொருவன், முழங்கை கிழிந்து, விசும்பிக்கொண்டிருந்தான்.

ஆச்சி என் காதருகே வந்தார். "இவன் அந்த ஊரு. முகப்புல இருக்கிறவன் இந்த ஊரு. சொல்லிறாதீங்க."

அந்த வீடு அதற்குத் தோதாக இருந்தது. முகப்பில் முனகுவது அடுப்படிக்குக் கேட்காது. ஒரே செம்பில் தண்ணீர் மொண்டு இரண்டு பேருக்கும் கொடுத்தார் ஆச்சி. "ஏண்டாப்பா, மாடு போயி கொல்லையில மேயுது. நீங்க இங்க ரத்தம் சிந்துறீங்களே" என்று இரண்டு பேரிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். வழக்கமாக நாங்கள் பேசுவோம், ஊர் கேட்கும். அன்று நாங்கள் அந்த அம்மா சொன்ன இடத்தில் நின்று, சொன்னதைச் செய்தோம். என் ஒரு மாதப் பணியில் நெஞ்சில் நிற்பது அந்த அரைமணி நேரம்தான்.

போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். இந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று படித்திருக்கிறேன். அதன் அருமை அப்போதுதான் விளங்கியது. பின்தெருவில் புளி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை சைக்கிள் பழகிக்கொண்டிருந்தது. முன்தெருவில் நடந்தது அதற்குத் தெரியாது.

"இலங்கையா? அங்க இப்பச் சண்டை இல்லையே?" என்று கேட்டார் ஆச்சி.

"இல்லை, ஆச்சி."

"நல்லது. பாத்துப் போயிட்டு வாங்க."

மறுநாள் ஓரியூரில் செம்மண்மேல் முழங்காலில் இருந்தோம். மன்றாட்டு நேரத்தில் பெரிய சிஸ்டர் வாய்விட்டுச் செபித்தா. பெயர் கேட்க மறந்திருந்தோம். "முகப்பில இருந்த பிள்ளைக்காகவும், அடுப்படியில இருந்த பிள்ளைக்காகவும்" என்றா.