நீட் முடிந்த மறுநாள் நாங்கள் விடை பார்த்த விதம்

நீட் எழுதிவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளிடம் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, விடையைப் பார்த்து மனசைக் கெடுத்துக்காதே." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 2025 மே 4 தேர்வுக்குப் பிறகு நாங்கள் தோழிகள் சேர்ந்து உட்கார்ந்து விடை பார்த்தோம். ரிசல்ட் வரைக்கும் எங்களைத் தாங்கிப் பிடித்தது அதுதான். யாரோடு பார்க்கிறோம், எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுத்து எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று அதை விவரமாகவே எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம், அரசுப் பள்ளி. மற்ற மூவரில் ஒருத்தி பண்ருட்டி, ஒருத்தி நெய்வேலி, ஒருத்தி பாகூர். கடலூரில் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் பேட்ச்சில் பழகியவர்கள். பாகூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி, பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அது புதுச்சேரி. எல்லையைத் தாண்டினால் பள்ளிப் பாடத்திட்டமும் வேறு, கவுன்சிலிங்கும் வேறு. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ரிசல்ட்டுக்குப் பிறகுதான் புரிந்தது.

எனக்குத் தேர்வு மையம் புதுச்சேரியில் விழுந்தது. அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஒன்றரை மணிக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே அப்பாவோடு பஸ் ஏறிவிட்டேன். கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் என்று வரிசையாக மருத்துவக் கல்லூரிகள் வரும். வருஷக்கணக்காக ஜன்னல் வழியே பார்த்த கட்டடங்கள்தான். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தேர்வு இரண்டிலிருந்து ஐந்து வரை. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள், தெரியாத சிலவற்றை ஒதுக்க வழி இருந்தது. 2025-இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. இயற்பியல் எப்படி இருந்தது என்பதை எழுதியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு கணக்கும் நாலு வரி, அஞ்சு வரி. முதல் கணக்கிலேயே நேரம் கரைந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெண் பாதி நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள்.

வெளியே வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "அந்தக் கெப்பாசிட்டருக்கு என்ன வந்துச்சு?" "எனக்கு ரெண்டு." "ஐயோ, எனக்கு நாலு!" இந்தப் பேச்சில் நிற்கவே கூடாது. இது எதுவும் ஒப்பிடுதல் ஆகாது. கேள்வித்தாளுக்கு 45, 46, 47, 48 என்று கோடு எண் உண்டு. கேள்விகள் ஒன்றுதான், வரிசை மாறியிருக்கும். யாருடைய இருபதாவது கேள்வி யாருடைய இருபதாவது கேள்வி என்றே தெரியாமல் பாதிப் பேர் அழுகிறார்கள். அன்றைக்கு இரவே வாட்ஸ்அப்பில் கீ, அதாவது விடைக்குறிப்பு, வந்து குவிந்தது. இரண்டு பயிற்சி மையங்களின் கீயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவையே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவசரத்தில் போடுவது அப்படித்தான் இருக்கும். அதை நம்பி ராத்திரியில் மார்க் கூட்டிப் பார்ப்பது உடம்புக்கும் கெடுதல், மனசுக்கும் கெடுதல்.

எங்கள் பள்ளியில் படித்து இப்போது எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் இருக்கும் அக்கா ஒருவர் முன்னமே இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, தேர்வு அறையில் எந்த விடையைக் கறுப்பாக்குகிறோமோ அதைக் கேள்வித்தாளிலும் குறித்துவிட வேண்டும். நாம் கறுப்பாக்கும் விடைத்தாளான ஓ.எம்.ஆர். தாளின் இரண்டு பிரதியையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள், நம் கையில் மிஞ்சுவது கேள்வித்தாள் மட்டும்தான். இரண்டாவது, "தூங்கி எழுந்து, சாப்பிட்டுட்டு, புத்தகத்தோட உட்காருங்கடி. போனைத் தள்ளி வெச்சிடுங்க" என்றார். அதன்படியே மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூரில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் கூடினோம். பாகூரும் பண்ருட்டியும் வந்துவிட்டார்கள். நெய்வேலித் தோழி மட்டும் வரவில்லை. போனும் அணைந்திருந்தது.

நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: ஆப்ஷன் எண்ணைச் சொல்லக்கூடாது, காரணத்தைச் சொல்ல வேண்டும். கேள்வியை ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் என்ன நினைத்து அந்த விடையைப் போட்டோம் என்று சொல்வோம். மூவரும் ஒத்துப்போனாலும் சந்தேகம் இருந்தால் நீட்டுக்கு அடிப்படையான மத்தியப் பாடப்புத்தகமான என்.சி.இ.ஆர்.டி.யைப் புரட்டி வரியைக் கண்டுபிடிப்போம். மூவரும் சேர்ந்து தப்பாகவும் நினைக்கலாம் இல்லையா? உயிரியலில் அப்படி நடக்கவும் செய்தது. நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்ன ஒரு பொருத்துக கேள்வியைப் புத்தகம் மறுத்தது. சத்தமாகச் சொல்கிறவள் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடாமல் காப்பாற்றியது அந்தப் புத்தகம்தான்.

முதலில் உயிரியலை எடுத்ததற்கும் காரணம் உண்டு. அதில் 360 மதிப்பெண் இருக்கிறது, விடையும் பெரும்பாலும் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. சம மதிப்பெண் வந்தாலும் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். காலையில் அதை முடித்தபோது மூவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. இயற்பியலில் தொடங்கியிருந்தால் மத்தியானம் சாப்பாடே இறங்கியிருக்காது.

கூற்று ஒன்று, கூற்று இரண்டு என்று வரும் கேள்விகளில்தான் அதிக நேரம் போனது. இந்த வகைக் கேள்வியை லேசாக எடுக்கக்கூடாது. 2024 தேர்வில் ஒரே ஒரு கூற்றுக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். "ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை" என்பது கூற்று. பழைய பாடப்புத்தகத்தில் அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் "பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்" என்று திருத்திவிட்டார்கள். கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும்போது 'ஒவ்வொரு' என்பது நிற்காது. நீட்டை நடத்தும் தேசிய தேர்வு முகமை இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் கொடுத்தது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களிடம் கேட்டது, ஒரு விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அஞ்சு அஞ்சு மதிப்பெண் குறைந்தது. முழு மதிப்பெண்ணில் இருந்த 61 பேர் 17 பேராகக் குறைந்தார்கள். அண்ணன் புத்தகத்தையும் அக்கா புத்தகத்தையும் வாங்கிப் படிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு எங்கள் கையில் இரண்டு பதிப்பும் இருந்தது. தகராறு வந்த இடத்தில் புதியதைத்தான் கணக்கில் எடுத்தோம்.

மத்தியானத்துக்கு மேல் இயற்பியல். தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே தெளிவு பிறந்தது. நான் விட்ட கணக்குகளைத்தான் பாகூர்த் தோழியும் விட்டிருந்தாள். பண்ருட்டித் தோழி எங்கள் பேட்ச்சிலேயே இயற்பியலில் கெட்டிக்காரி, டெஸ்ட்டில் அவள் 150-க்குக் கீழே வந்ததில்லை. அவளும் அதே இடங்களில் திணறியிருந்தாள். "அப்போ எனக்கு மட்டும் இல்லையாடி?" என்று பாகூர்க்காரி கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி மூன்று பேரும் தனித்தனியாக, தனக்கு மட்டும்தான் எதுவும் தெரியவில்லை என்று நம்பிப் படுத்திருக்கிறோம். கஷ்டமான தாள் எல்லோரையும் சேர்த்துத்தான் கீழே இறக்குகிறது. ரேங்க் என்பது அடுத்தவரோடு வைத்துப் பார்க்கிற கணக்கு. தனியாக அறையில் உட்கார்ந்திருந்தால் இது புத்திக்குத் தெரியும், மனசு ஒத்துக்கொள்ளாது.

மார்க் கூட்டும்போது ஒரே எண்ணாகப் போடவில்லை. சரி என்று புத்தகம் சொன்னவை ஒரு பக்கம், தப்பு என்று உறுதியானவை ஒரு பக்கம், தகராறில் இருப்பவை தனி. கேள்வித்தாளில் குறிக்காமல் விட்டு, இப்போது ஞாபகத்திலிருந்து சொல்பவற்றையும் தகராறில்தான் சேர்த்தோம். சரியானதற்கு 4, தப்புக்கு 1 கழிவு என்பதால் ஒரு கேள்வி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் 5 மதிப்பெண் ஆடும். பத்து கேள்வி தகராறில் இருந்தால் 50 மதிப்பெண் வித்தியாசம். அதனால் 'இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே வராது' என்று இரண்டு எண் எழுதி, வீட்டில் கேட்டால் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்வது என்று முடிவு செய்தோம்.

நெய்வேலித் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் போனை எடுக்கவே இல்லை என்றதும் அடுத்த நாள் வடலூர் வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கே போய்விட்டோம். "வாங்கம்மா, நீங்களாவது சொல்லுங்க. சாப்பிடவும் மாட்டேங்குறா, பேசவும் மாட்டேங்குறா" என்று அவள் அம்மா வாசலிலேயே அழுதார். அவள் ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்து, போனில் வந்த ஏதோ ஒரு கீயை வைத்துக் கூட்டி, அந்த மார்க்கை 2024 கட் ஆஃபோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். 2024-இல் முதலில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் 720-க்கு 720 வாங்கிய தாள் அது. அந்த வருஷத்து அளவுகோலை வைத்து இந்த வருஷத்துத் தாளை அளந்தால் யாருமே தேற மாட்டார்கள். நாங்கள் எங்கள் தாளைக் காட்டினோம். இயற்பியலில் நாங்கள் விட்ட இடங்களையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினோம். நாங்கள் விடை சொல்லிக்கொடுக்கவில்லை, அவளிடம் மார்க்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய்த் தன் கேள்வித்தாளை எடுத்துவந்தாள். அன்றைக்கு உயிரியல் மட்டும் பார்த்தோம். அவள் அம்மாவிடம் 104 எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தோம். தமிழக சுகாதாரத் துறையின் உதவி எண் அது, நீட் எழுதிய பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனையும் தருகிறார்கள். யாராவது தோழி அப்படிச் சத்தமில்லாமல் ஆகிவிட்டால், தயவுசெய்து போன் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். நேரில் போய்விடுங்கள்.

அப்புறம் நாட்கள் ஓடின. மே 8 அன்று எங்கள் பிளஸ் டூ முடிவு வந்தது. பாகூர்த் தோழிக்கு சி.பி.எஸ்.இ., புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அந்தப் பாடத்திட்டத்துக்கு மாறியிருந்ததால் அவளுக்கு 13-ஆம் தேதிதான். ஜூன் தொடக்கத்தில் முகமை தற்காலிக விடைக்குறிப்பையும் நம் ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் இணையத்தில் போட்டது. இதுதான் நிஜமான ஒப்பீடு. முதலில் கீயைப் பார்க்காமல் ஓ.எம்.ஆர். நகலையும் கேள்வித்தாளில் குறித்ததையும் வரிசையாகச் சரிபார்க்க வேண்டும், வட்டங்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்பி வராது. தகராறில் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் கீயிலேயே தீர்ந்துவிட்டன. பண்ருட்டித் தோழி ஒரு வேதியியல் கேள்விக்குப் புத்தகப் பக்கத்தை இணைத்துப் பணம் கட்டினாள், ஏற்கவில்லை. கையில் அச்சடித்த ஆதாரம் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

ஜூன் 14 ரிசல்ட். நாடு முழுவதிலும் முதல் மதிப்பெண்ணே 686. பொதுப்பிரிவில் தகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் முந்தின வருஷம் 162 ஆக இருந்தது, 144-க்கு இறங்கியது. எங்கள் மதிப்பெண்கள் எழுதிவைத்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே வந்தன.

எனக்கும் பாகூர்த் தோழிக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஆனால் அதற்கப்புறம் இருவருக்கும் வேறு வேறு பாதை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் எனக்குத் தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருந்தது, அதற்குத் தனித் தரவரிசைப் பட்டியல். அவளுக்குப் புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 10 சதவீதம், அங்கே சேர்க்கை நடத்தும் சென்டாக் அமைப்பின் கவுன்சிலிங். கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி அதில் வரும். கோரிமேடு ஜிப்மருக்கு 2019 வரை தனி நுழைவுத்தேர்வு இருந்தது, இப்போது அதுவும் நீட் வழியாக மத்திய கவுன்சிலிங்கில் போய்விட்டது. அதனால் அவள் இரண்டு இடத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நெய்வேலித் தோழி தனியார் பள்ளி, அவளுக்கு இந்த அரசுப் பள்ளி ஒதுக்கீடு இல்லை. அதனால்தான் சொல்கிறேன், "உனக்கு எவ்வளவு? அப்போ கிடைச்சிடும்" என்று இன்னொருத்தி மார்க்கை வைத்து யாருக்கும் ஜோசியம் சொல்லாதீர்கள்.

எனக்கும் பாகூருக்கும் சீட் கிடைத்தது. பண்ருட்டித் தோழிக்கு எம்.பி.பி.எஸ். எட்டவில்லை. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, அதில் சேர்ந்துவிட்டாள், விருப்பத்தோடுதான். நெய்வேலித் தோழி மறுபடி எழுதுகிறாள். என்னுடைய புத்தகங்கள் எல்லாம் அவளிடம்தான் இருக்கின்றன. தேர்வுக்கு மறுநாள் லீவு போட்டு நாங்கள் மூவரும் நெய்வேலிக்கு வருகிறோம் என்று அவள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.