ஹோயாவுல மாவுப்பூச்சி: மூணு மாசமா நடக்குற சண்டை

வடவள்ளில எங்க வீடு ரெண்டாவது மாடிங்க. கெழக்கு பாத்த ஜன்னலோரம் ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதுல மணி பிளான்ட், சிங்கோனியம், ஸ்நேக் பிளான்ட்னு பதினோரு தொட்டி, ரெண்டு வருஷமா ஒரு பூச்சி கெடையாது. ஏப்ரல்ல ஒரு நர்சரில ஹோயான்னு ஒரு கொடி பாத்தேன், இலை பளபளன்னு இருந்துச்சு, வாங்கிட்டு வந்து நேரா நடுத்தட்டுல வெச்சுட்டேன். புதுச் செடிய ரெண்டு மூணு வாரம் தனியா வெக்கோணும்னு தெரியும். தெரிஞ்சே பண்ணுன தப்பு.

பத்து நாள்ல இலைக்காம்பு தண்டோட சேர்ற சந்துல வெள்ளையா பஞ்சு மாதிரி, இலையத் தொட்டா பிசுபிசுங்குது. மாவுப்பூச்சியேதான்.

மொதல்ல வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி போதும், நான் கடுப்புல 15 மில்லி ஊத்தி, பாத்திரம் கழுவுற லிக்விடும் கணக்கில்லாம விட்டு, வெடியால அடிச்சுட்டு வெயில்லயே விட்டுட்டேன். பூச்சி அப்படியே இருந்துச்சு, மூணு இலைதான் கருகுச்சு. வேப்பம்புண்ணாக்கு மூட்டைக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்குதுன்னு எங்க ஊட்டுக்காரர் ஒரு வாரம் பொலம்புனார்.

அப்பறம் சர்ஜிகல் ஸ்பிரிட். இயர்பட்ஸ்ல தொட்டு பூச்சி மேல வெச்சா அந்த மெழுகு கரைஞ்சு உள்ள இருக்கற பூச்சி பழுப்பா தெரியும், பாக்கறதுக்கு ஒரு திருப்தி. (அடுப்பு, ஊதுபத்தி பக்கம் வேண்டாம், பத்திக்கும்.) ஒரு நாள் ராத்திரி உக்காந்து அம்பது அறுபது எடுத்தேன், முடிஞ்சுதுன்னு நெனச்சு போட்டோ எல்லாம் எடுத்து வெச்சேன். ஏழெட்டு நாள்ல திரும்ப வந்துருச்சு. அந்தப் பஞ்சுக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை இருக்குமாம், மருந்து அதுக்குள்ள எறங்காது. முட்டை பொரிஞ்சு வர்ற குஞ்சுக்குத்தான் மேல மெழுகு இருக்காது, அந்த சமயத்துல புடிச்சாத்தான் உண்டு. அதனால வாரம் ஒருக்கா, குறைஞ்சது நாலு தடவை, ஒண்ணும் கண்ணுல படலைன்னாலும் அடிக்கணும். நான் எப்பவும் ரெண்டாவது வாரமே விட்டுருவேன், அங்கதான் தோத்துட்டே இருந்திருக்கேன்.

மே மாசம் எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) வந்திருந்தாங்க. நான் தண்ணி துப்பாக்கியோட நிக்கறத சித்தெ நேரம் பாத்துட்டு, "ஏங் கண்ணு, எறும்பு எதுக்கு அதுமேல ஏறுதுன்னு பாத்தியா?"ன்னு கேட்டாங்க. பாக்கலீங்க அமுச்சின்னேன். ஜன்னல் கம்பி வழியா ஒரு சாரை வந்து ஸ்டாண்டு கால்ல ஏறி நேரா ஹோயாவுக்குப் போகுது. பூச்சி கழிக்கற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுகள காவல் காக்குது. அமுச்சி சமையக்கட்டுல இருந்து நாலு பழைய கிண்ணம் எடுத்து ஸ்டாண்டு காலுக்கு ஒண்ணொண்ணா வெச்சு தண்ணி ஊத்துனாங்க, அந்தக் காலத்துல பலகார அலமாரிக்கு வெக்கற மாதிரி. கொசு வரும்னு நான் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்திக்கறேன். ஜன்னல்ல உரசிட்டு இருந்த மணி பிளான்ட் கொடியையும் வெட்டுனேன், இல்லீனா அது பாலம். இத்தனை மருந்தை விட அந்த நாலு கிண்ணம்தான் எச்சா வேலை செஞ்சுதுன்னு சொல்லுவேன்.

உடுமலைல மாமாகிட்ட போன்ல இந்தப் பழமையெல்லாம் சொன்னப்ப நொம்ப சிரிச்சார். அவர் அப்ப மல்பெரி போட்டு பட்டுப்புழு வளத்தவர். 2008ல கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி தெரிய ஆரம்பிச்சு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாத்துலயும் ஏறுச்சு, அவங்களுக்கு கடுமையான மருந்தும் அடிக்க முடியாது, அந்த இலையத் தின்னா புழு செத்துரும். 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து குட்டிக் குளவிய கொண்டாந்து விட்டாங்க, அது மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெக்கும், அதுக்கப்பறம்தான் அடங்குச்சு. "உன்ற வீட்டுக்குள்ள குளவி வராது, பொறிவண்டு வராது, மழை வந்து அடிச்சுட்டும் போகாது, நீதான் அம்மிணி குளவி"ன்னுட்டார். நெசந்தான். வெளிய இருக்கற செடிக்கு இல்லாத தொல்லை உள்ள இருக்கறதுக்கு ஏன்னு எனக்கு அன்னிக்குத்தான் வெளங்குச்சு.

ஜூன்ல தொடர்ந்து நாலு வாரம் ஞாயித்துக்கெழமை பொழுதோட, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு மில்லி சோப்பு, இலைக்கு அடிப்பக்கமும். மத்த பதினோரு தொட்டியும் சுத்தமாயிருச்சு. ஹோயா மட்டும் வாடிட்டே இருந்துச்சு. தொட்டிய கவுத்தா, மண்ணுக்கும் தொட்டிக்கும் நடுவுல, வேர் பூரா வெள்ளைப் பஞ்சு! வேர்ல இருக்கறதுக்கு மேல அடிச்சு என்ன ஆகும். அந்த மண்ணை கவர்ல கட்டி குப்பைக்குப் போட்டேன், செடியையும்தான். சுத்தமா இருந்த ரெண்டு துண்டு கொடிய மட்டும் ஸ்பிரிட்ல தொடச்சு தண்ணில வெச்சிருக்கேன்.

நடுவுல சிங்கோனியத்துல கருப்பா குட்டி ஈ பறந்துச்சு, அது பூச்சி தொல்லையே இல்லைங்க, என் தண்ணி ஊத்துற கை. கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) எச்சா, மேல எப்பவும் ஈரம். மேல் ரெண்டு இன்ச் காய விட்டு மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணு நட்டு வெச்சேன், மூணு வாரத்துல போயிருச்சு.

இப்ப நெலவரம்: ஒரு துண்டு அழுகிப்போச்சு, இன்னொண்ணுல வேர் வந்திருக்கு, தனி ரூம்ல இருக்கு. நேத்து வெடியால பாத்தா வெட்டுன எடத்துல வெள்ளையா ஒரு பொட்டு, பதறிப்போய் இயர்பட்ஸும் ஸ்பிரிட்டும் எடுத்துட்டு ஓடி தேய்ச்சு, போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாத்தா, ஹோயாவுக்கு பால் வடியுமில்ல, அது காஞ்சு ஒட்டியிருக்கு.