பதிவேட்டில் "தீர்ந்தது"

வலப்பக்க ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்ற புகாரைப் பத்தே நிமிடத்தில் முடித்துவைத்தேன். முடித்துவைத்தேன் என்ற சொல்லில்தான் எனக்கு இன்னும் இடறல்.

புகார் கொடுத்தவர் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் சக ஊழியர். கேட்பவரின் குரல் இடப்பக்கமும் பதில் சொல்பவரின் குரல் வலப்பக்கமுமாகப் பதிவானவை அவை. ஆகவே அன்று காலையிலிருந்து அவருக்குக் கேள்விகள் மட்டுமே கேட்டன. நாள் முழுவதும் இயர்போன் மாட்டினால் காது வலிக்கும் என்பதால்தான் அவர் ஸ்பீக்கர் வைத்திருந்தார்.

கணினியின் ஒலி அமைப்பில் இட வல அளவுகள் சமமாகவே இருந்தன. 3.5 மி.மீ. பிளக்கின் நுனி இடப்பக்கத்துக்கும் அடுத்த வளையம் வலப்பக்கத்துக்கும் உரியவை. சற்றே வெளியே நின்றாலும் ஒரு பக்கம் ஊமையாகிவிடக்கூடும் என்பதால் அதை அழுத்திச் செருகிப் பார்த்தேன். மாற்றமில்லை. அதே பிளக்கை என் கைப்பேசியில் செருகியபோதும் வலப்பக்கம் வாய் திறக்கவில்லை. கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோதான் என்பது அத்துடன் தெளிவாயிற்று.

அப்போது அவர், "குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒரு நொடி அந்தப் பக்கமும் வந்து போகிறது, சார்" என்றார். அது என் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "பழைய ஸ்பீக்கர், அப்படித்தான் இருக்கும்" என்று நான் பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. பிறகு கணினியில் மோனோ அமைப்பை இயக்கினேன். இரு பக்க ஒலியும் கலந்து, இடப்பக்க ஸ்பீக்கரிலேயே பதில்களும் கேட்டன. பதிவேட்டில் "தீர்ந்தது" என்று எழுதினேன்.

அது தவறில்லை என்று வாதாட எனக்குக் காரணங்கள் உண்டு. மாலைக்குள் அவர் ஒரு பதிவை முடித்தாக வேண்டியிருந்தது. மாற்று ஸ்பீக்கர் கையிருப்பில் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் அதைவிட நல்லதொன்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தற்காலிகம் என்று நான் எழுதவில்லையே. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில், குரல்கள் இரு திசைகளிலிருந்து வந்ததால்தான் அவரால் பிரித்துக் கேட்க முடிந்தது என்பதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேனோ என்னவோ.

மூன்று வாரம் கழித்து, வேறு வேலையாக அங்கே போனபோது அந்த ஸ்பீக்கரைத் திறந்தேன். ஒலியளவுக் குமிழின் அடியில், ஒரே அச்சில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடங்கள் இருக்கும். வலப்பக்கத் தடத்தில் அழுக்கு ஏறியிருந்தது. கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி, குமிழைச் சில முறை முன்னும் பின்னும் திருகியதும் சத்தம் திரும்பிவிட்டது. கோளாறு இருந்த இடத்தை அவர் அன்றே சொல்லியிருந்தார்.

மோனோவை அணைக்கப் போனேன். அது ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது. விசைப்பலகையின் ஓரத்தில் இயர்போன் கிடந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தீர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டீர்களே, சார்" என்றார்.