டீரெய்லர் புதுசு, ஹேங்கர் கோணல்

ஒரு குச்சிதான். கட்டைவிரல் தடிமன்கூட இருக்காது. காட்டுப் பாதையில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது முன்சக்கரம் அதைக் கிளப்பிவிட, அது நேராகப் போய், கியர் மாற்றும்போது செயினைத் தள்ளிப்போடும் டீரெய்லருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் சொருகிக்கொண்டது. நான் பிரேக்கைப் பிடிப்பதற்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், பெடல் கல் மாதிரி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் அந்தக் கூண்டு கசக்கிப் போட்ட டின் மூடி மாதிரி முறுகி ஸ்போக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு ஸ்போக்கில் கீறல். நல்லவேளை, எதுவும் அறுபடவில்லை.

பையில் செயின் கட்டர் இருந்தது. செயினைக் குட்டையாக்கி, டீரெய்லர் பக்கமே போகாமல் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களில் (சுருக்கமாகப் ‘பல்’ என்கிறேன்) நேராக நடுப்பல் ஒன்றில் மாட்டி, ஒற்றை கியர் வண்டியாக உருட்டிக்கொண்டு வீடு வந்துசேர்ந்தேன். பின்பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியில் இந்த வித்தை சரிப்படாது, சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் செயினுக்குத் தேவையான நீளமும் மாறும். என்னுடையது ஹார்ட்டெயில், பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது என்பதால் பிழைத்தேன்.

புது டீரெய்லர் வாங்கும்போதே ஒரு முறை வழுக்கப் பார்த்தேன். என் வண்டி 9 ஸ்பீடு, அதாவது பின்னால் ஒன்பது பல். 10 ஸ்பீடு டீரெய்லர் ஒன்று நன்றாக இருந்தது, கம்பெனியும் அதே ஷிமானோதான், பொருந்தாமலா போகும் என்று நினைத்தேன். பொருந்தாது. போல்ட் பொருந்தும், கணக்கு பொருந்தாது. பழைய ஷிமானோ மலை சைக்கிள் டீரெய்லர்களில் ஷிஃப்டர், அதாவது கைப்பிடியில் இருக்கும் கியர் லீவர், கேபிளை 1 மில்லிமீட்டர் இழுத்தால் டீரெய்லர் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நகரும். 10 ஸ்பீடுக்கு ‘டைனா-சிஸ்’ என்ற புது அமைப்பு வந்தபோது அந்த விகிதத்தைக் கிட்டத்தட்ட 1.2 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதை என் 9 ஸ்பீடு ஷிஃப்டரோடு சேர்த்திருந்தால் ஒரு கிளிக்குக்கு ஒரு பல் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியிருக்கும். கூண்டின் நீளத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து 9 ஸ்பீடே வாங்கினேன். கூடவே புதுச் செயினும். வெட்டிய செயினை ஒட்டிப்போட்டு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

மாட்டுவது ஒரு வேலையே இல்லை. 5 மில்லிமீட்டர் அலன் கீ ஒன்று போதும். மரையில் துளி கிரீஸ் தடவிக் கையாலேயே முதல் சில சுற்றுகளை ஏற்றவேண்டும். கோணலாக ஏறினால் அலுமினிய மரை போயே போய்விடும். செயின் நீளத்துக்கு முன்பக்கம் பெரிய பல், பின்பக்கம் பெரிய பல் இரண்டையும் டீரெய்லர் வழியாகப் போகாமல் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டினேன். அப்புறம் செயினைக் கூண்டுக்குள் விட்டேன். கூண்டின் நடுவில் ஒரு சின்ன நாக்கு மாதிரி தகடு இருக்கும், செயின் அதற்கு உள்பக்கமாகப் போகவேண்டும். நான் வெளிப்பக்கமாக விட்டுவிட்டு, பெடலைச் சுற்றிப் பார்த்து ‘ஏன் இப்படிக் கரகரக்கிறது, மட்டமான சரக்கா’ என்று கால் மணி நேரம் டீரெய்லரைத் திட்டினேன். இதைச் செய்யாத ஆள் யாரும் இருக்க முடியாது என்று நம்பி ஆறுதல் அடைகிறேன்.

அதன் பிறகுதான் நிஜக் கூத்து. டீரெய்லர் சின்னப் பல்லைத் தாண்டாமல் தடுக்கும் ஹெச் ஸ்க்ரூ, பெரிய பல்லைத் தாண்டாமல் தடுக்கும் எல் ஸ்க்ரூ, கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பேரல் என்று ஒவ்வொன்றாகத் திருகினேன். சின்னப் பல்களில் வெண்ணெய் மாதிரி மாறும், பெரிய பல்களுக்குப் போனால் கடகடவென்று சத்தம். சரி என்று பெரிய பல்களுக்கு ஏற்றமாதிரி பேரலைத் திருகினால் இந்தப் பக்கம் சின்னப் பல்லுக்கு இறங்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளும் போர்வைக் கதைதான். ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: “ஹேங்கரப் பாத்தியாடா?”

பார்த்தேன்தான், கண்ணால். நேராகத்தான் தெரிந்தது. டீரெய்லரையும் ஃபிரேமையும் இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வேண்டுமென்றே மெத்தென்று செய்யப்பட்டது, அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளையவேண்டும் என்பதற்காக. டீரெய்லர் கூண்டையே முறுக்கிப்போட்ட அடி ஹேங்கரை மட்டும் விட்டுவைத்திருக்குமா? இதை நான் முதலிலேயே யோசித்திருக்கவேண்டும்.

ஹேங்கரை நிமிர்த்துவதற்கென்றே ஒரு நீளமான கை வைத்த கருவி இருக்கிறது. என்னிடம் இல்லை. ஆனால் மூலையில் ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரம் கிடந்தது. அதன் அச்சு 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். டீரெய்லர் போல்ட்டின் மரையும் அச்சு அசல் அதே அளவு! டீரெய்லரைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தின் அச்சு முனையை ஹேங்கர் துளையில் மரையேற்றினேன். இப்போது வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சக்கரம் இரட்டைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்முக்கும் நடுவே மேலே, கீழே, முன்னால், பின்னால் எங்கே அளந்தாலும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். ஸ்கேலை வைத்தேன். மேலே இருப்பதைவிடக் கீழே 12 மில்லிமீட்டர் குறைவு. 4 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு.

அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, கீழ்ப்பக்கத்தை மெதுவாக வெளியே இழுத்தேன். அலுமினியம் வளையும்போது கைக்குத் தெரியும், முதலில் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், அப்புறம் ஒரு கட்டத்தில் களிமண் மாதிரி ‘நசுக்’ என்று கொடுக்கும், அங்கேயே நிறுத்திவிடவேண்டும். இழுப்பது, அளப்பது, மறுபடி கொஞ்சம் இழுப்பது. மூன்றாவது தடவையில் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்கு வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். ஹேங்கரை ஓரிரு முறைதான் இப்படி நிமிர்த்தலாம், ஆசைப்பட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் விரிசல் விட்டுக் கையோடு வந்துவிடும்.

இத்தனூண்டு கோணலுக்கா இத்தனை அமர்க்களம் என்றால், ஆமாம். 9 ஸ்பீடு கேசட்டில், அதாவது பின்சக்கரத்துப் பல் அடுக்கில், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே 4.3 மில்லிமீட்டர்தான் இடம். ஷிமானோ 1984-இல் கிளிக் வைத்த ஷிஃப்டரைக் கொண்டுவருவதற்கு முன்பெல்லாம் ஓட்டுகிறவர்கள் காதால் கேட்டு, லீவரை ஒரு மயிரிழை தள்ளிச் சரிபண்ணிக்கொள்வார்கள், ஹேங்கர் கோணலாக இருந்தாலும் கை அதைச் சமாளித்துவிடும். கிளிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கேபிளை மாட்டாமலே ஹெச் ஸ்க்ரூவைத் திருகி, பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்து, கூண்டின் இரண்டு குட்டிச் சக்கரங்களில் மேலே இருக்கும் ஜாக்கி வீலைச் சின்னப் பல்லின் வெளி விளிம்புக்கு நேராக வைத்தேன். பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, பெரிய பல்லுக்கு ஏறவேண்டும், அதைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழக்கூடாது என்ற அளவில் எல் ஸ்க்ரூ. கோணல் ஹேங்கரோடு நேற்று வைத்த எல் அளவு இப்போது சுத்தமாகத் தப்பாக இருந்தது. ஹேங்கரைத் தொட்டால் இரண்டு ஸ்க்ரூவையும் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். டீரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி நிறுத்தும் பி ஸ்க்ரூவைத் திருகிப் பெரிய பல்லுக்கும் ஜாக்கி வீலுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் விட்டேன். 12 ஸ்பீடு வண்டிகளுக்கு இந்த இடைவெளி வேறு, என் அளவை நம்பி அங்கே போகாதீர்கள்.

கேபிளை மாட்டுமுன் பேரலை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்துக்கொண்டேன். ஷிஃப்டர் சின்னப் பல்லுக்கான இடத்தில் இருக்க, கேபிளைக் கை விரலால் இழுத்துப் பிடித்தால் போதும், பிளையர் போட்டு இழுத்தால் அதிகமாகிவிடும். போல்ட்டுக்கு அடியில் கேபிள் உட்கார ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். அதை விட்டுப் போல்ட்டின் மறுபக்கமாகக் கேபிளை விட்டால் இழுவைக் கணக்கே மாறி, எந்தத் திருகலுக்கும் மசியாது. அப்புறம் ஒரு கிளிக். இரண்டாவது பல்லுக்கு ஏறத் தயங்கினால் பேரலைப் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று, மூன்றாவது பல்லை உரசினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஐந்து நிமிடத்தில் ஒன்பது பல்லும் ஏறி இறங்கின. நேற்று மாலை முழுக்க மல்லுக்கு நின்ற அதே டீரெய்லர்!

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. பெரிய பல்லுக்கு ஏறும்போது சட்டென்று மாறும், சின்னப் பல்லுக்கு இறங்கும்போது அரை நொடி யோசிக்கும். இது ஸ்க்ரூ விஷயம் இல்லை, அவுட்டர் என்கிற மேலுறைக்குள் கேபிள் சிக்குகிறது. டீரெய்லருக்குள் நுழையும் கடைசி வளைவில் அவுட்டருக்குள் சேறு இறுகிக் கிடந்தது. அந்தத் துண்டையும் கேபிளையும் மாற்றினேன். வெட்டியபோது உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை ஊசியால் குத்தித் திறந்துவிட்டேன்.

இரண்டு நாள் ஓட்டியபின் நான்காவது பல்லில் லேசாக ஒரு கிசுகிசுப்பு. புது அவுட்டரின் முனைகள் மூடிக்குள் நன்றாக உட்கார்ந்ததில் கேபிள் கொஞ்சம் தொய்ந்திருக்கும். வண்டியை நிறுத்தாமலே ஷிஃப்டர் பக்கம் இருக்கும் பேரலைக் கால் சுற்று வெளியே எடுத்தேன், அடங்கிவிட்டது. ஹேங்கர் புதிதாக இரண்டு சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் ஒன்று வண்டிக்கு, இன்னொன்று செயின் கட்டர் இருக்கும் பைக்குள்.