வால் பார்த்துப் படிப்பது

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் அறுவைச் சிகிச்சைப் பாரங்களை, அதாவது படிவங்களை, கணினியில் ஏற்றுவது என் வேலை. தமிழ் மட்டும் தெரிந்த முதியவர்கள் வந்தால் மொழிபெயர்க்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

சேர்ந்த புதிதில் மேசை அகராதியில் ஒரு சொல் கண்ணில் பட்டது: ஹெபாட்டிகோகொலாஞ்சியோகோலிசிஸ்டென்டெராஸ்டமி. ஆங்கிலத்தில் 37 எழுத்து, 16 அசை. தமிழ்ப்பள்ளியில் வெண்பாவை அலகிட்ட பழக்கம் விடுமா? ஹெபாட்/டிகோ/கொலாஞ்/சியோ/கோ/லிசிஸ்/டென்/டெராஸ்/டமி. நம் கணக்கில் 9 அசைதான். ஏழு நிரை, இரண்டு நேர். அழுத்தத்தை 'ராஸ்' மேல் போட்டால் மூச்சு முட்டாமல் சொல்லிவிடலாம்.

பிறகு பகுபதமாகப் பிரித்தேன். ஹெபாட்டிகோ கல்லீரலுக்கு உரியது. கொலாஞ்சியோ பித்தநாளம். கோலி பித்தம், சிஸ்ட் பை. ஆக, நம் பித்தப்பையேதான். மலாயிலும் 'ஹெம்பெடு' என்னும் பித்தத்துக்கு முன்னால் ஒரு பை வருகிறது. என்டெரோ குடல். கடைசியில் உள்ள ஸ்டமி, வாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வாய் திறந்து விடுவது. கல்லீரல் நாளத்தைப் பித்தப்பையோடும், பித்தப்பையைக் குடலோடும் இணைத்துப் பித்தம் ஓட வழி செய்வதுதான் இத்தனை நீளப் பெயரின் பொருள்.

நடுவில் வரும் 'ஓ' வெறும் சாரியை. அடுத்து உயிர் வந்தால், நம் குற்றியலுகரம் போல ஓடிவிடும். சிஸ்ட்டும் என்டெரோவும் சேருமிடத்தில் அது இல்லை. ஆனால் கேஸ்ட்ரோஎன்டெரைட்டிஸ் (இரைப்பை, குடல் அழற்சி) போன்ற சொற்களில் நகராமல் நிற்கிறது. புறநடை இல்லாத இலக்கணம் ஏது?

அந்த நீளச் சொல்லை இன்றுவரை எந்தப் பாரத்திலும் நான் பார்த்ததில்லை. என்னைக் கவிழ்த்தது அதன் குட்டி உறவுக்காரன்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். பித்தப்பையில் கடும் தொற்று, இதயமும் பலவீனம். பாரத்தைப் பார்த்த வேகத்தில் சொன்னேன்: "ஐயா, பித்தப்பையை எடுத்துவிடப் போகிறார்கள்." அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். மகள் அழத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் நின்ற மூத்த தாதி பேனா முனையைச் சொல்லின் வாலில் வைத்தார். நான் கோலிசிஸ்டெக்டமி என்று படித்திருந்தேன். அங்கே இருந்தது கோலிசிஸ்டாஸ்டமி. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது. ஆஸ்டமி என்றால் பையை அப்படியே விட்டு, அதற்கு ஒரு துளை வைத்துக் குழாய்வழி நீரை வடிப்பது. பெரிய அறுவையைத் தாங்க முடியாத உடம்புக்குப் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டொரு எழுத்துதான் வேறுபாடு.

முகம் சுண்டிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "எடுக்கவில்லை ஐயா, பித்தப்பைக்கு ஒரு வாய் வைக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று திருத்திச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தச் சொல்லையும் வாலிலிருந்துதான் படிக்கிறேன். தமிழில் கடைசி விகுதி வரும்வரை வந்தானா வந்தாளா என்று தெரியாதே; அதே பொறுமை இங்கேயும் வேண்டியிருக்கிறது.

சில நாள் கழித்து வார்டில் அவரைப் பார்த்தேன். விலாவிலிருந்து இறங்கிய மெல்லிய குழாயின் முனையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பை தொங்கியது. அதைத் தட்டிக் காட்டிக் கேட்டார்:

"இந்த வாயை எப்போது மூடுவார்கள் அம்மா? இருக்கிற வாய்க்கே இங்கே சரியான தேநீர் கிடைக்கவில்லை."