முதல் பக்கத்துல யார் பேரு?

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்து, அண்ணா இங்கிலீஷ்ல ஒரு ஸ்க்ரிப்ட் முடிச்சிட்டேன், ஹாலிவுட் பக்கம் அனுப்பணும், ஆனா சுட்டுருவாங்களோன்னு பயமா இருக்குன்னு ஸ்க்ரிப்ட்டையும் அனுப்பிக் கேட்டான். பதில் அடிக்க ஆரம்பிச்சு மெசேஜ் நீண்டுகிட்டே போச்சு, சரி இங்கயே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல, இதுவரைக்கும் வித்த ஸ்க்ரிப்ட் பூஜ்யம். ஒண்ணு மட்டும் விக்கிற மாதிரி வந்து கைநழுவிப் போச்சு.

மொதல்ல அந்த ரிஜிஸ்டர் போஸ்ட் மேட்டர். ஸ்க்ரிப்ட்டை நமக்கு நாமே தபால்ல அனுப்பி கவரைப் பிரிக்காம வச்சுக்கிட்டா அதுவே காப்பிரைட்டுன்னு ஒரு நம்பிக்கை இருக்குல்ல, நானும் பண்ணிருக்கேன், அந்தக் கவர் இன்னும் பீரோல அம்மா புடவைக்கு அடியில கெடக்கு. அமெரிக்க சட்டத்துல அதுக்கு இடமே இல்லன்னு அங்க காப்பிரைட் ஆபீஸே சொல்லுது. எழுதி முடிச்ச நிமிஷமே காப்பிரைட் நமக்கு வந்துருது, ஒரு நாட்டு காப்பிரைட்டை இன்னொரு நாடும் மதிக்கணும்னு சொல்ற பெர்ன் ஒப்பந்தத்துல இந்தியாவும் இருக்கு, அமெரிக்காவும் 1989ல சேந்துருச்சு, அதனால வளசரவாக்கத்துல எழுதினது லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் செல்லும்.

அப்புறம் எதுக்கு வாஷிங்டன்ல இருக்குற அந்தக் காப்பிரைட் ஆபீஸ்ல பதியணும்? காசுக்காகத்தான். திருட்டு நடக்குறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருந்தாதான் சட்டமே நிர்ணயிச்ச நஷ்டஈட்டையும் வக்கீல் ஃபீஸையும் கோர்ட்ல கேக்க முடியும், தெரிஞ்சே திருடினதுன்னு நிரூபணம் ஆச்சுன்னா அது 1,50,000 டாலர் வரைக்கும் போகலாம். பதியலன்னா எவ்ளோ நஷ்டம்னு நாமதான் நிரூபிக்கணும், ஒரு படம் கூட பண்ணாதவன் என்ன நஷ்டத்தைக் காட்டுவான் சொல்லுங்க. நான் ஆன்லைன்ல கட்டினது 45 டாலர். அங்க திரை எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டோட மேற்குக் கிளையிலயும் மெம்பரா இல்லாமலே பதியலாம், ஆனா அது 5 வருஷத்துக்குத்தான், இந்தத் தேதியில இது என்கிட்ட இருந்துச்சுன்னு ஒரு சாட்சி, அவ்ளோதான் அதோட வேலை.

ஐடியாவுக்கு மட்டும் எங்கயும் காப்பிரைட் கிடையாது. நம்ம சுப்ரீம் கோர்ட் 1978ல ஆர்.ஜி.ஆனந்த்னு ஒரு நாடக எழுத்தாளர் போட்ட வழக்குல சொன்னதும் அதேதான். அமெரிக்காவுல ஐடியாவைக் காப்பாத்துறது காண்ட்ராக்ட்தான். ஆர்ட் புக்வால்ட்னு ஒரு பத்திரிகைக்காரர் பாராமவுண்ட் ஸ்டூடியோவுக்கு ஒரு சின்ன கதைச்சுருக்கம் குடுத்து ஒப்பந்தமும் போட்டிருந்தாரு, எடி மர்ஃபி நடிச்ச 'கமிங் டு அமெரிக்கா' 1988ல வந்ததும் இது என் கதைதான்னு கேஸ் போட்டு 1990ல ஜெயிச்சாரு, காப்பிரைட்னால இல்ல, அந்த ஒப்பந்தத்துனால. கொடுமை என்னன்னா அவ்ளோ வசூல் பண்ண படத்துக்கு நிகர லாபமே இல்லன்னு ஸ்டூடியோ கணக்கு காட்டுச்சு. உனக்கு லாபத்துல இத்தனை சதவீதம்னு எவனாவது சொன்னா சிரிச்சிட்டு, கையில எவ்ளோன்னு கேளு.

ஆனா தம்பி பயப்பட வேண்டியது இதுக்கெல்லாம் இல்லன்னு தோணுது. சத்யஜித் ரேயையே எடுத்துக்கோங்க. 1967ல 'தி ஏலியன்'னு ஒரு ஸ்க்ரிப்ட், வங்காள கிராமத்துக் குளத்துல விண்கலம் வந்து எறங்குற கதை, கொலம்பியா ஸ்டூடியோ எடுக்குறதா இருந்துச்சு, நடிகர் பீட்டர் செல்லர்ஸ் கூட பேச்சுல இருந்தாரு. நடுவுல ஏஜெண்ட் மாதிரி நின்னவரு மைக் வில்சன், இலங்கையில இருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி.கிளார்க்கோட கூட்டாளி. ரே அமெரிக்கா போய்ப் பாத்தா ஸ்க்ரிப்ட் காப்பி எடுத்து ஹாலிவுட்ல சுத்திக்கிட்டு இருக்கு, முதல் பக்கத்துல காப்பிரைட் மைக் வில்சன், சத்யஜித் ரேன்னு ரெண்டு பேரு! எழுதினது ரே. ஸ்டூடியோ குடுத்த அட்வான்ஸும் அவர் கைக்கு வரல. படம் கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல. 1982ல ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.' வந்தப்ப ரே கதையோட ஜாடை இருக்குன்னு பேச்சு கெளம்புச்சு, ஸ்பீல்பெர்க் மறுத்துட்டாரு, அது தனிக்கதை. (வில்சன் பின்னாடி சாமியாராகி சுவாமி சிவ கல்கின்னு பேரை மாத்திக்கிட்டு கதிர்காமத்து முருகனோட பக்தரா இருந்தாரு, இந்த வாழ்க்கையை யாராவது படமா எடுங்கப்பா.)

என் கதையும் சின்ன சைஸ்ல அதேதான். டெக்சஸ் மோட்டல் ஒண்ணுல நைட் ஷிப்ட் பாக்குற நம்மூர் ஆளைப் பத்தின ஸ்க்ரிப்ட். ஒருத்தர் தயாரிப்பாளர்னு சொல்லிக்கிட்டு வந்தாரு, ரெண்டு தடவை ஜூம்ல பேசுனோம், மூணு கரெக்‌ஷன் சொன்னாரு, அதுல ஒண்ணு நெஜமாவே நல்ல கரெக்‌ஷன். அப்புறம் ஆப்ஷன் அக்ரிமெண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு ஸ்க்ரிப்ட்டை வேற யாருக்கும் விக்காம அவருக்கே ஒதுக்கி வைக்கிற ஒப்பந்தம்) வந்துச்சு, 18 மாசத்துக்கு 1 டாலர். 1 டாலர் ஆப்ஷன் அங்க சகஜம்தான், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நாலாம் பக்கத்துல, அவர் சொன்ன திருத்தம் எல்லாம் அவரோட எழுத்தா கணக்காகும்னு ஒரு வரி இருந்துச்சு. நான் கவனிக்கல, சத்தியமா. ரெண்டு நாள் கழிச்சு அவர் வேற யாருக்கோ அனுப்பின மெயில்ல என்னையும் தெரியாம சேத்துட்டாரு போல, அட்டாச்மெண்ட்டைத் தொறந்தா முதல் பக்கத்துல கதைன்னு போட்டு என் பேரோட அவர் பேரு.

நல்லவேளை கையெழுத்து போடல. அங்க ஒரு வக்கீலைப் புடிச்சு ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டினேன், அந்த மாச வீட்டு வாடகையே போச்சு, அவர் மொத்தமா எழுதினது நாலு வரி மெயில். அதோட அந்தத் தயாரிப்பாளர் ஆளைக் காணோம்.

அதனால தம்பி, யாருக்கு எந்தத் தேதியில எந்த டிராஃப்ட் போச்சுன்னு ஒரு எக்ஸெல் ஷீட் வச்சுக்கோ. ஸ்க்ரிப்ட்டைப் படிக்கிறதுக்கு முன்னாடி ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்து கேட்டாங்கன்னா படிச்சுட்டு போடு, ஏன்னா இதே மாதிரி கதை எங்ககிட்ட ஏற்கனவே இருக்கலாம், கேஸ் போடக்கூடாதுன்னுதான் அதுல இருக்கும், பெரிய இடத்துல பலபேர் அது இல்லாம கவரையே பிரிக்க மாட்டாங்க. படிச்சுப் பாக்கவே காசு கேக்குற ஏஜெண்ட் ஏஜெண்ட் இல்ல, அங்க ஏஜெண்டுக்கு வித்த காசுல 10 சதவீதம்தான். காசு வர்ற நாள் வந்துச்சுன்னா W-8BENன்னு ஒரு வரி ஃபார்ம் குடுக்கணும், ராயல்டியா வர்றதுக்கு 30 சதவீத வரிப்பிடித்தம் 15 சதவீதமா குறையும்.

முதல் பக்கத்துல தலைப்பு, உன் பேரு, மெயில் ஐடி, போதும். காப்பிரைட் பதிவு நம்பரைக் கொட்டை எழுத்துல போட்டா புதுசுன்னு பாத்த உடனே கண்டுபுடிச்சிருவாங்க. அப்புறம் நீ அனுப்பினது ஏ4ல இருக்கு, அங்க லெட்டர் சைஸ், மாத்தினா பக்கம் ஏழெட்டு கூடும். அந்த ஏர்போர்ட் சீனைத் தூக்கிடு.